டி20 முடிந்து டெஸ்ட் தொடங்கும்வரை: கிரிக்கெட் வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிர்வாகிகளுக்கும் ஆடவர் அணித் தேர்வுக் குழுவினருக்கும் வணக்கம்.

2025 நவம்பர் 26 அன்று குவாஹாத்தியில் இந்திய அணி தென்னாப்பிரிக்காவிடம் 408 ரன் வித்தியாசத்தில் தோற்றது. ரன் கணக்கில் நம் டெஸ்ட் வரலாற்றிலேயே இதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. அதற்கு ஓராண்டு முன்னர்தான் நியூசிலாந்து இங்கே வந்து மூன்று டெஸ்ட்களையும் வென்றுவிட்டுப் போனது. பெங்களூருவில் நாம் 46 ரன்னுக்குச் சுருண்டதும், மும்பையில் 147 ரன் இலக்கைத் துரத்தி 121-லேயே முடங்கியதும் அந்தத் தொடரில்தான். 2012-இல் இங்கிலாந்திடம் தோற்ற பிறகு சொந்த மண்ணில் அடுத்தடுத்து 18 டெஸ்ட் தொடர்களை வென்ற அணிக்கு இந்த நிலை. ஆனால் 2024 டி20 உலகக் கோப்பை, 2025 சாம்பியன்ஸ் கோப்பை, 2025 ஆசியக் கோப்பை ஆகிய மூன்றையும் இதே காலத்தையொட்டித்தான் வென்றோம் என்பதால், நாட்டில் ஆட்டக்காரர்களுக்குப் பஞ்சம் வந்துவிட்டது என்று எவராலும் சொல்ல முடியாது.

டி20-யைக் குறை சொல்வதற்காக இந்த மடலை எழுதவில்லை. பார்படோஸில் 2024 ஜூன் 29 இரவு ஏழு ரன் வித்தியாசத்தில் வென்றபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். நான் கேட்பது ஒன்றுதான்: குறுகிய ஆட்டமான இருபது ஓவர் டி20-யிலிருந்து ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்துக்கு ஒரு வீரர் மாறும்போது, அந்த மாற்றத்துக்கு வேண்டிய நாட்களையும் ஒரு நான்கு நாள் ஆயத்த ஆட்டத்தையும் அவருக்குக் கொடுங்கள். அட்டவணையில் இடம் இருந்தால் பார்க்கலாம் என்று விடாமல், அதை ஒரு விதியாகவே எழுதி வையுங்கள்.

தென்னாப்பிரிக்கத் தொடருக்கு முந்தைய பத்து நாட்களை எடுத்துக்கொள்வோம். நவம்பர் 8 அன்று பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஐந்தாவது டி20 ஆட்டம் மழையால் பாதியில் நின்றது. நவம்பர் 14 காலை கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் முதல் டெஸ்ட். சுப்மன் கில், ஜஸ்பிரீத் பும்ரா, அக்ஸர் படேல், வாஷிங்டன் சுந்தர் ஆகிய நால்வரும் ஆஸ்திரேலியாவில் டி20 அணியில் இருந்துவிட்டு, நேரக் கணக்கே மாறும் நெடும்பயணம் செய்து வந்து, கொல்கத்தாவின் பதினொருவரில் இடம்பெற்றார்கள். கில் டெஸ்ட் அணிக்குத் தலைவர். அப்போது டி20 அணிக்குத் துணைத் தலைவரும் அவரே. எதிரணித் தலைவர் தெம்பா பவுமாவோ, காயத்திலிருந்து மீண்டு, அதே வாரம் பெங்களூருவில் உள்ள உங்களுடைய உயர்திறன் மையத்து மைதானத்தில் தென்னாப்பிரிக்காவின் இரண்டாம் நிலை அணியான ஏ அணிக்காக நான்கு நாள் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார். நம் மண்ணில், நம் ஆடுகளத்தில், நம் பந்துவீச்சாளர்களை எதிர்கொண்டு அவர் ஆயத்தமானார். நம் தலைவர் பிரிஸ்பேனில் டி20-யின் முதல் ஆறு ஓவர்களான பவர்பிளேயை ஆடிக்கொண்டிருந்தார். கொல்கத்தா டெஸ்ட்டில் இரு அணிகளையும் சேர்த்து ஒரே ஒருவர்தான் அரைசதம் அடித்தார். இரண்டாவது இன்னிங்ஸில் 55 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்ற பவுமாதான் அவர். 124 ரன் தேவை என்ற நிலையில் இறங்கிய நாம் 93 ரன்னில் முடிந்தோம். ஆடுகளத்தைப் பற்றி நடந்த விவாதம் தனி. அந்த ஆடுகளம் பவுமாவுக்கும் அதேதான்.

கில் அந்த ஆட்டத்தில் மூன்று பந்துகளைச் சந்தித்த நிலையில் கழுத்துப் பிடிப்பால் வெளியேறினார், அடுத்த டெஸ்ட்டிலும் ஆடவில்லை. பயணமும் ஓய்வின்மையும்தான் அதற்குக் காரணம் என்று மருத்துவம் தெரியாத நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே மனிதர் செப்டம்பர் 28 இரவு துபாயில் ஆசியக் கோப்பை இறுதியாட்டம், அக்டோபர் 2 காலை அகமதாபாத்தில் டெஸ்ட், அக்டோபர் 14 வரை டெல்லியில் டெஸ்ட், அக்டோபர் 19 அன்று பெர்த்தில் ஒருநாள் ஆட்டம் என்று ஓடிக்கொண்டே இருந்ததை நாடே பார்த்தது. அகமதாபாத்தில் மேற்கிந்தியத் தீவுகளை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றதால், நான்கே நாள் இடைவெளியில் டெஸ்ட் ஆடியது அப்போது யார் கண்ணையும் உறுத்தவில்லை. எதிரணி வலுவாக இருந்திருந்தால் அன்றே உறுத்தியிருக்கும்.

வாரியத்தால் வேறு விதமாகச் செய்ய முடியாது என்பதில்லை, செய்தும் காட்டியிருக்கிறது. அதே ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தில், மூன்றாவது டி20 முடிந்ததும் குல்தீப் யாதவை விடுவித்து, பெங்களூருவில் இந்திய ஏ அணியின் நான்கு நாள் ஆட்டத்துக்கு அனுப்பினீர்கள். குவாஹாத்தி முதல் இன்னிங்ஸில் அணியின் பாதிக்கு மேல் சரிந்த பிறகு களமிறங்கிய அந்தச் சுழற்பந்து வீச்சாளர் 134 பந்துகளைச் சந்தித்தார். எடுத்தது 19 ரன்தான். ஆனால் அந்த இன்னிங்ஸில் அவரைவிட அதிகப் பந்துகளைச் சந்தித்த இந்தியர் எவரும் இல்லை. சென்னை லீக் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதிய பழக்கத்தால் அன்று ஒவ்வொரு பந்தாகக் குறித்துக்கொண்டு பார்த்தேன். முன்காலை நன்றாக நீட்டி, மட்டையையும் கால்காப்பையும் ஒட்டிவைத்து, பந்து தன்னிடம் வரும்வரை அவர் காத்திருந்தார். கையை முன்னே தள்ளிப் பந்தைத் தேடிப் போகவில்லை. முறையாகப் பேட்டிங் தெரிந்த முன்வரிசையினர் பலர் அந்த இன்னிங்ஸில் செய்யத் தவறியது இதைத்தான். நான்கு நாள் ஆட்டம் ஒன்றே இதைக் கற்றுக்கொடுத்துவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஒருவருக்குச் செய்ததை நால்வருக்கும் செய்திருக்கலாம் என்பதே என் வாதம். டி20 தொடரில் வாஷிங்டனும் பும்ராவும் கடைசி இரண்டு ஆட்டங்களில் இல்லாதிருந்தால் நாட்டுக்கு என்ன நட்டம் வந்திருக்கும்?

வாஷிங்டன் சுந்தரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் ஊர்க்காரர் என்பது ஒரு காரணம். இரண்டு வடிவங்களுக்கும் நடுவில் நாம் ஒரு வீரரை எப்படி இழுக்கிறோம் என்பதற்கு அவரைவிடத் தெளிவான சான்று இல்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். நவம்பர் 2 அன்று ஹோபார்ட் டி20-யில் அவர் 23 பந்தில் 49 ரன் அடித்து ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். பன்னிரண்டு நாள் கழித்து, கொல்கத்தாவில் அவரை மூன்றாம் வரிசையில், அதாவது முதல் விக்கெட் விழுந்ததும் ஆட வருபவராக, இறக்கினீர்கள். பந்து ஏறியும் இறங்கியும் வந்த அந்த ஆடுகளத்தில் 29, 31 என்று இரண்டு இன்னிங்ஸிலும் பொறுமையாக ஆடினார்; இரண்டாவது இன்னிங்ஸில் அணியின் அதிகபட்சமே அந்த 31 தான். அடுத்த டெஸ்ட்டில் அவர் எட்டாம் வரிசைக்குப் போனார். அங்கேயும் 48 ரன் எடுத்துக் குல்தீப்புடன் துணை நின்றார். ஒரே மாதத்தில் இறுதி ஓவர்களில் அடித்து ஆடுபவராகவும், மூன்றாம் வரிசைத் தடுப்பாட்டக்காரராகவும், கீழ்வரிசைக் காவலராகவும் அவர் மாற வேண்டியிருந்தது. அவருடைய மனத்திடத்தைப் பாராட்டலாம்; திட்டமிடலைப் பாராட்ட முடியாது.

அவருக்காக இடம் விட்டவரும் சென்னைக்காரரே. சாய் சுதர்சன் 2025 ஐபிஎல் தொடரில் 759 ரன் குவித்து, அது முடிந்த ஜூன் மாதத்திலேயே லீட்ஸில் டெஸ்ட்டில் அறிமுகமானார். அக்டோபரில் டெல்லி டெஸ்ட்டில் மூன்றாம் வரிசையில் 87 ரன் எடுத்தார். ஆனாலும் அடுத்த டெஸ்ட்டான கொல்கத்தாவில் அவர் இல்லை. குவாஹாத்தியில் மறுபடி மூன்றாம் வரிசை. தோல்வி உறுதியான கடைசி இன்னிங்ஸில் 139 பந்துகள் நின்று 14 ரன் எடுத்தார். சேதேஷ்வர் புஜாரா 2023 ஜூனில் கடைசியாக ஆடியதிலிருந்து மூன்றாம் வரிசையில் யார் வேண்டும் என்பதை நாம் முடிவு செய்யவே இல்லை. அந்த இடம் டெஸ்ட் ஆட்டத்துக்கே உரியது. டி20-யில் அதற்கு நிகரான வேலை இல்லை. எனவே அதற்கான ஆளை ஐபிஎல் ரன் பட்டியலில் தேடுவதில் பொருளில்லை, கிடைத்த ஆளை இரண்டு டெஸ்ட்டுக்கு ஒருமுறை மாற்றுவதிலும் பொருளில்லை.

வேகப்பந்து வீச்சாளர்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. டி20-யில் ஒரு பந்துவீச்சாளர் வீசுவது அதிகம் போனால் 24 பந்து. டெஸ்ட்டில் ஒரே நாளில் 20 ஓவர் வீச நேர்ந்தால் அது 120 பந்து. மறுநாளும் அதே முதுகோடு ஓடிவர வேண்டும். இரண்டு மாதம் 24 பந்துக்குப் பழகிய உடம்பு ஒரே வாரத்தில் 120 பந்துக்கு மாறாது. படிப்படியாக ஓவர்களைக் கூட்டிக்கொண்டு போக வாரங்கள் வேண்டும் என்பதை உங்கள் உயர்திறன் மையத்துப் பயிற்சியாளர்கள் என்னைவிட நன்கு அறிவார்கள். பும்ரா 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 150 ஓவருக்கு மேல் வீசி 32 விக்கெட் எடுத்தார். சிட்னியில் முதுகு பிடித்துக்கொள்ள, கடைசி இன்னிங்ஸில் பந்தையே தொட முடியவில்லை. சாம்பியன்ஸ் கோப்பையில் அவர் ஆடவில்லை. ஏப்ரலில் ஐபிஎல்லுக்குத் திரும்பினார். அதன்பின் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்ட்டில் மூன்றில் மட்டுமே ஆடுவார் என்று தொடருக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. அந்த முடிவைப் பலர் அப்போது கேலி செய்தார்கள். எனக்கு அது சரியென்றே பட்டது. ஆனால் அந்தச் சிக்கனத்தை ஐபிஎல் ஓவர்களிலும் இருதரப்பு டி20 தொடர்களிலும் தொடங்காமல் டெஸ்ட்டில் மட்டும் கடைப்பிடிப்பது ஏன் என்பதே என் கேள்வி. முகமது சிராஜ் அந்தத் தொடரில் ஐந்து டெஸ்ட்டும் ஆடி ஆயிரம் பந்துகளுக்கு மேல் வீசினார். ஓவலில் ஆறு ரன் வித்தியாசத்தில் வென்று தொடரை 2-2 எனச் சமன் செய்தோம். அப்படி ஒரு கோடைக்குப் பிறகு ஒரு வேகப்பந்து வீச்சாளருக்கு ஓய்வு எப்போது, எந்தத் தொடரை விட்டுவிட்டு என்பதை வாரியம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

ஆயத்தம் என்ன தரும் என்பதற்கு அதே இங்கிலாந்து மண்ணிலேயே இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2023-இல் ஐபிஎல் இறுதியாட்டம் மழையால் தள்ளிப்போய் மே 30 அதிகாலையில் முடிந்தது. ஜூன் 7 அன்று ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். அகமதாபாத்தில் அன்று அதிகாலைவரை ஆடிய கில், ஷமி, ஜடேஜா, ரஹானே நால்வரும் எட்டு நாளில், இங்கிலாந்தில் பயன்படும், காற்றில் வளைந்து ஸ்விங் ஆகும் டியூக்ஸ் பந்துக்கு முன் நின்றார்கள். நாம் 209 ரன் வித்தியாசத்தில் தோற்றோம். ஆஸ்திரேலியத் தலைவர் பேட் கம்மின்ஸ் அந்த ஆண்டு ஐபிஎல்லையே தவிர்த்திருந்தார். அந்த இறுதியாட்டத்தில் நம்மில் சிறப்பாக ஆடியவர் ரஹானே என்பதும் உண்மை, அவரும் ஐபிஎல்லிலிருந்து நேராக வந்தவர்தான்; ஆனால் அதே பருவத்தில் அவர் மும்பைக்காக, மாநிலங்களுக்கு இடையிலான நான்கு நாள் ஆட்டப் போட்டியான ரஞ்சிக் கோப்பையில் முழுமையாக ஆடியிருந்தார். 2025-இல் ஐபிஎல் ஜூன் 3 முடிந்தது, லீட்ஸ் டெஸ்ட் ஜூன் 20. இடையில் பதினேழு நாள். இந்திய ஏ அணி கேன்டர்பரியிலும் நார்தாம்ப்டனிலும் நான்கு நாள் ஆட்டங்கள் ஆடியது. பெக்கன்ஹாமில் இரு பிரிவாகப் பிரிந்து பயிற்சி ஆட்டமும் நடந்தது. கே.எல். ராகுலின் ஐபிஎல் அணி பிளேஆஃப் எனும் இறுதிக்கட்டத்துக்குப் போகாததால் அவர் முன்னதாகவே போய் நார்தாம்ப்டனில் சதமடித்தார். டெஸ்ட் தொடரில் 532 ரன் எடுத்தார். நாள் கணக்கு மட்டுமே வெற்றி தோல்வியைத் தீர்மானிக்காது. ஆனால் ராகுலுக்குக் கிடைத்த அந்த ஆயத்தம் அவருடைய ஐபிஎல் அணி தோற்றதால் கிடைத்தது என்பது வாரியத்துக்கு நெருடலாக இருக்க வேண்டாமா?

அடுத்தது ரஞ்சிக் கோப்பை. 2024-25 முதல் அதை இரண்டாக வெட்டிவிட்டீர்கள். அக்டோபர், நவம்பரில் ஐந்து சுற்று. பிறகு இரண்டு மாதம் சையத் முஷ்டாக் அலி, விஜய் ஹசாரே என வெள்ளைப் பந்தில் ஆடும் குறுகிய ஆட்டப் போட்டிகள். ஜனவரி இறுதியில் மீண்டும் சிவப்புப் பந்தில் ரஞ்சி. வட இந்தியாவின் மார்கழிப் பனிமூட்டத்தில் வெளிச்சம் இல்லாமல் ஆட்டங்கள் வீணாகின்றன என்று நீங்கள் சொன்ன காரணம் நியாயமானதே. ஆனால் இங்கே ஐப்பசியும் கார்த்திகையும் அடைமழைக் காலம். பனிக்குப் பயந்து மழைக்குள் தள்ளியதில் சென்னைக்கு என்ன லாபம்? டிசம்பரில் மேற்கிலும் தெற்கின் உட்பகுதிகளிலும், ராஜ்கோட், நாக்பூர், ஹூப்ளி, கோவை போன்ற ஊர்களில், ஆட்டங்களை வைத்தால் பனியும் இல்லை, பெரிய மழையும் இல்லை. ஒரு மட்டையாளர் நான்கு சுற்றில் மெல்லத் தன் ஆட்டத்தைக் கட்டியெழுப்பி வரும்போது, அவரை இரண்டு மாதம் சிக்ஸர் அடிக்க அனுப்பிவிட்டு மீண்டும் அழைப்பது எந்தப் பயிற்சியாளரும் விரும்பும் ஏற்பாடு அல்ல.

ரஞ்சியில் சாதிப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2023-24 ரஞ்சிப் பருவத்தில் நாட்டிலேயே அதிக விக்கெட் எடுத்தவர் தமிழ்நாட்டின் சாய் கிஷோர், 53 விக்கெட். அவர் இந்தியாவுக்காக ஆடியது ஆசிய விளையாட்டுப் போட்டியின் டி20 ஆட்டங்கள் மட்டுமே. வங்கத்தின் அபிமன்யு ஈஸ்வரன் ரஞ்சி போன்ற நெடுநாள் ஆட்டங்களான முதல்தர ஆட்டங்களில் நூறைக் கடந்தவர். பல டெஸ்ட் சுற்றுப்பயணங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டும் ஒன்றில்கூட இறக்கப்படவில்லை. பணக் கணக்கு இன்னும் வெளிப்படையானது. 2021-இல் திருத்தப்பட்ட ஊதியப்படி, ரஞ்சியில் புதியவருக்கு ஒரு நாளைக்கு 40,000 ரூபாய், நாற்பது ஆட்டங்களைத் தாண்டியவருக்கு 60,000. புதியவர் ஒருவர் ஏழு லீக் ஆட்டங்களிலும் 28 நாள் வெயிலில் நின்றால் 11 லட்சத்து 20 ஆயிரம். ஐபிஎல்லில் 2025 முதல் ஓர் ஆட்டத்துக்கே ஏழரை லட்சம் ஊதியம், ஏலத்தொகை போக. இரண்டே ஆட்டங்களில் அந்த 28 நாளை மிஞ்சிவிடலாம். இந்த நிலையில் ஒரு பதினெட்டு வயதுப் பையனிடம் பந்தை விட்டுப் பழகு, நாள் முழுக்க நின்று ஆடு என்று எந்தப் பயிற்சியாளர், எந்தத் தகப்பன் துணிந்து சொல்வார்?

2024 மார்ச்சில் டெஸ்ட் ஊக்கத் திட்டத்தை அறிவித்து, ஒரு பருவத்தில் முக்கால் பங்குக்கு மேற்பட்ட டெஸ்ட்களில் ஆடுபவருக்கு ஓர் ஆட்டத்துக்கு 45 லட்சம் கூடுதலாக வழங்க முன்வந்தீர்கள். மனமாரப் பாராட்ட வேண்டிய முடிவு அது. ஆனால் அது உச்சியில் இருப்பவர்களுக்குத்தான் போகிறது. 2023 முதல் 2027 வரைக்கான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்ற வாரியம், அதே ஊக்கத்தை ரஞ்சியில் முழுப் பருவமும் ஆடுபவர்களுக்கு நீட்டிப்பதால் கருவூலம் காலியாகிவிடாது. ரஞ்சிக்குக் கூட்டம் வராது என்று சொல்லும் உறுப்பினர்களுக்கு 2025 ஜனவரியில் டெல்லியில் விராட் கோலி ரஞ்சி ஆட வந்தபோது விடியற்காலையிலேயே வாசலில் நின்ற வரிசையை நினைவூட்டுகிறேன். ஆறு ரன்னில் அவர் ஆட்டமிழந்தார்; ஆனால் அந்த இளைஞர்கள் வந்தது நான்கு நாள் ஆட்டத்துக்கு.

இரு வடிவங்களுக்கும் தனித்தனி அணி வைக்க நம்மிடம் ஆள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கும் நீங்களே விடை தந்திருக்கிறீர்கள். 2021 ஜூலையில் கோலியின் அணி இங்கிலாந்தில் இருந்தபோது, தவன் தலைமையில் இன்னொரு அணி இலங்கையில் ஆடியது. 2024 அக்டோபரில் வங்கதேசத்துக்கு எதிரான டி20 தொடருக்குப் பெரும்பாலும் வேறு ஆட்களையே களமிறக்கினீர்கள். வேறெந்த நாட்டுக்கும் எளிதில் வாய்க்காத வசதி இது. உலகக் கோப்பை நெருங்கும் மாதங்களில் எல்லாரும் டி20-க்கு வேண்டும் என்பதை ஏற்கிறேன். மற்ற மாதங்களில், டெஸ்ட் பதினொருவரில் இடம் உறுதியான ஒருவர், இருதரப்பு டி20 தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் இருந்தாக வேண்டிய கட்டாயம் என்ன?

இனி வரப்போவதைப் பற்றி. 2027 ஜூனில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம் மீண்டும் இங்கிலாந்தில், வழக்கம்போல் ஐபிஎல் முடிந்த கையோடு வருகிறது. நாம் அதற்குத் தகுதி பெற்றாலும் 2023-இல் நடந்ததே நடக்க வாய்ப்பிருக்கிறது. 2025-இல் தென்னாப்பிரிக்கா செய்ததைப் பாருங்கள். பிளேஆஃப் தொடங்குமுன் தன் டெஸ்ட் வீரர்களை ஐபிஎல்லிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. ரபாடா குஜராத்தை விட்டுப் போனார், ரிக்கல்டன் மும்பையை விட்டுப் போனார், மார்கோ யான்சன் பிறகு இறுதிவரை சென்ற பஞ்சாபை விட்டுப் போனார். அருண்டெலில் ஜிம்பாப்வேயுடன் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடிவிட்டு, லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை வென்று கோப்பையை எடுத்தார்கள். அதே யான்சன்தான் குவாஹாத்தியில் 93 ரன் அடித்து, முதல் இன்னிங்ஸில் நம் விக்கெட்டுகளில் ஆறை வீழ்த்தியவர். நம்முடைய லீக், வெளிநாட்டு வீரர்களை அவர்களுடைய டெஸ்ட்டுக்காக விடுவித்தது. நம் வீரர்களை நம் டெஸ்ட்டுக்காக விடுவிக்கவும் அதற்கு முடியும்.

எனவே 2027 ஐபிஎல் அட்டவணையை வெளியிடும் முன்பே, அணி உரிமையாளர்களுடன் செய்யும் ஒப்பந்தத்திலேயே, இந்த விதியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்: டெஸ்ட் அணியில் தேர்வான எவரும் முதல் டெஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகக் குறுகிய ஆட்டத்திலிருந்து விடுவிக்கப்படுவார், அந்த இரண்டு வாரத்துக்குள் சிவப்புப் பந்தில் ஒரு நான்கு நாள் ஆட்டமாவது ஆடுவார், வேகப்பந்து வீச்சாளருக்கு இது மூன்று வாரம். இதே விதி சொந்த மண்ணில் நடக்கும் ஒவ்வொரு டெஸ்ட் தொடருக்கும் பொருந்த வேண்டும். வாரியத்தின் அடுத்த பொதுக்குழுவில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொண்டு, முடிவு எதுவானாலும் அதன் காரணங்களோடு ரசிகர்களுக்குத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
சேப்பாக்கம் மைதானத்தின் நீண்டகால ரசிகன்,
சென்னை